ஆடாத தழும்பு

பெட்டியை மேசைமேல் வைத்த வேகத்திலேயே வந்தவளின் கோபம் தெரிந்தது. வைத்த கையோடு அதன் மூடியைத் தடவிக் கொடுத்ததில் பாசமும் தெரிந்தது.

"திறந்து பாருங்க மேடம். மட்டமான வேலைன்னா முகத்துக்கு நேரா சொல்லிடுங்க. இன்னைக்கே பட்டறையைப் பூட்டிட்டு வேற பொழைப்பு பார்க்கறேன்."

தராசம்மா பெட்டியைத் தொடவில்லை. நாற்காலியைக் காட்டி, "முதல்ல உட்காருங்க. தண்ணி குடிங்க. பட்டறையை அப்புறம் பூட்டலாம்" என்றார்.

தராசம்மா என்பது மற்றவர்கள் வைத்த பெயர். பொம்மைத் தொழிற்சாலையில் தரம் பார்க்கும் பிரிவில் காலம் தள்ளியவர். ஓய்வு பெற்ற பிறகு சும்மா இருக்கப் பிடிக்காமல் இணையத்தில் 'தராசு' என்று ஒரு பக்கம் நடத்துகிறார். கதாநாயகன் சுழற்றிய வாள், வில்லன் போட்ட மோதிரம், நாயகி தொலைத்த பெட்டி என்று சினிமாப் பொருள்களின் நகல்களை ஆன்லைனில் விற்பவர்கள் பெருத்துவிட்ட காலம் இது. விளம்பரத்தில் மின்னுகிற வாள் பார்சலில் வந்து இறங்கும்போது பென்சில் சீவக்கூட உதவாது. எது நல்ல நகல், எது கண்கட்டு வித்தை என்று வாங்கிப் பார்த்து எழுதுவதுதான் அவர் வேலை.

அவருக்குத் துணை, அவருடைய அக்காவின் கணவர். வங்கிக் காசாளராக இருந்து ஓய்வு பெற்றவர். தராசம்மா அவரை அத்தான் என்று கூப்பிடுவதால் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாருக்கும் அவர் அத்தான்தான். யாரைப் பார்த்தாலும் உடனே சந்தேகப்படுவது அவருடைய தனித் திறமை. அந்தத் திறமை இதுவரை ஒரு குற்றவாளியையும் பிடித்ததில்லை.

வந்தவள் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கதையைச் சொன்னாள். அவள் செய்வது ஒரே ஒரு பொருள். கறுப்பு வெள்ளைக் காலத்துக் கப்பல் படம் ஒன்றில், புயலில் கேப்டன் தூக்கிப் பிடிக்கும் லாந்தர் விளக்கு. அதனால் அவளுக்கு லாந்தர்காரி என்றே பெயர். படம் எடுத்த ஸ்டுடியோவை மூடியபோது அசல் விளக்கு எங்கே போயிற்று என்று யாருக்கும் தெரியவில்லை. திரைக் காட்சிக்கூடத்தார் இவள் செய்த நகலைப் பார்த்து மயங்கி, அதை நடுக்கூடத்தில் இவள் பெயரோடு வைப்பதாகச் சொல்லியிருந்தார்கள்.

"என் பேரு மேடம்! கண்ணாடிப் பெட்டிக்குள்ள, விளக்குக்குக் கீழ! என் வீட்டுக்காரர் அதைப் பார்க்கறதுக்குன்னே புதுச் சட்டை எடுத்துட்டார். இப்ப பாருங்க, இந்தப் பல் டாக்டர் வாயில விழுந்துட்டேன்."

அத்தான் அவளுடைய கைப்பேசியை வாங்கி உரக்கப் படித்தார். பல் டாக்டர் ஒரு சேகரிப்பாளர். லாந்தர்காரியிடம் நகல் ஒன்று வாங்கி வைத்திருந்தவருக்கு, அண்மையில் ஆன்லைனில் அசல் விளக்கே கிடைத்துவிட்டதாம். இரண்டையும் அருகருகே வைத்துப் படம் எடுத்து எழுதியிருந்தார். "அசலைப் பாருங்கள். தகட்டின் மடிப்பில் எவ்வளவு பொறுமை! கைப்பிடியின் வளைவில் எவ்வளவு கம்பீரம்! இதைச் செய்த கை இன்று உலகத்தில் இல்லை. பக்கத்தில் இருக்கும் நகலோ, வெறும் தகர டப்பா."

"தகர டப்பாவாமே!" என்று அத்தானும் கொதித்தார். எழுதியவர் யார், திட்டு வாங்கியவர் யார் என்று பார்க்காமல் கொதிப்பது அவர் வழக்கம்.

"சனிக்கிழமை காட்சிக்கூட அதிகாரியே அந்த டாக்டர் வீட்டுக்கு வந்து பார்க்கறாங்களாம். அசல்னு முடிவாச்சுன்னா என் விளக்கு பார்சல்ல திரும்பி வந்துடும். அது போகட்டும் மேடம். அசல் கிடைச்சா நானே கும்பிட்டு வழி விடுவேன். ஆனா என் வேலை டப்பாவா? அதை மட்டும் நீங்க சொல்லுங்க."

தராசம்மா இப்போது பெட்டியைத் திறந்தார். அவர் பொருளைப் பார்க்கும் முறை வேறு. முதலில் கை, அடுத்து மூக்கு, கடைசியில்தான் கண். கண்ணை மூடிக்கொண்டு விளக்கின் உடம்பெல்லாம் விரலை ஓட்டினார். கண்ணாடிக் கதவின் கீலில் விரல் நின்றது.

"இது என்ன கம்பி? நடுவுல வாய்க்கால் வெட்டின மாதிரி ஒரு பள்ளம் ஓடுதே."

லாந்தர்காரிக்கு அந்தக் கோபத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. "கண்டுபிடிச்சிட்டீங்களா? அது குடைக் கம்பி. முதல்ல செஞ்ச மூணு விளக்குக்கும் சரியான கம்பி கிடைக்கல. வீட்டுக்காரர் குடையைப் பிரிச்சுட்டேன். அந்த மழைக்காலம் முழுக்க மனுஷன் நனைஞ்சுக்கிட்டே வேலைக்குப் போனார். அதுக்கப்புறம் பித்தளைக் கம்பி வாங்கிட்டேன்."

"அந்த மூணும் எங்க இருக்கு?"

"ஒண்ணு இது. வீட்டுல அலமாரியில இருக்கும். ஒண்ணு காட்சிக்கூடத்துக்குப் போச்சு. இன்னொண்ணை ஏதோ படச்சட்டம் போடற கடைக்கு அனுப்பினேன். நல்லாருக்கு, நல்லா இல்லைன்னு ஒரு வார்த்தை வரல அங்கேருந்து."

விளக்கின் அடிவயிற்றில் வளைந்த கோடாக ஒரு தழும்பு இருந்தது. தராசம்மா அதைத் தடவியதும் லாந்தர்காரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"அதை முதல்ல கண்டுபிடிச்சதே நான்தான் மேடம். படத்துல அந்தப் புயல் காட்சியிலதான் தெரியும். மத்த இடத்துல எல்லாம் கேப்டன் கோட்டு மறைச்சுடும். அங்க நிறுத்தி, பெரிசாக்கி, அச்செடுத்து பட்டறைச் சுவத்துல ஒட்டி வச்சிருக்கேன். தழும்பு இல்லாத லாந்தர் லாந்தரே இல்லைனு இன்னைக்கு எல்லாரும் பேசறாங்கன்னா, அது என்னாலதான்."

தராசம்மா கண்ணைத் திறந்தார். "வேலை நல்ல வேலை. யார் என்ன எழுதினாலும் அது மாறாது" என்றார். அவ்வளவு நேரம் சண்டைக்கு நின்ற லாந்தர்காரி சட்டென்று அழுதுவிட்டாள்.

மறுநாள் தராசம்மாவும் அத்தானும் பல் டாக்டர் வீட்டுக்குப் போனார்கள். கீழே மருத்துவமனை, மேலே வீடு. மாடி அறையின் சுவர் தெரியாதபடி பழைய சினிமாப் படங்கள் மாட்டியிருந்தன. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரிச் சட்டம். கரும்பழுப்பு மரத்தின் உள்விளிம்பில் மெல்லிய பொன்னிறக் கோடு.

டாக்டர் கெட்டவர் இல்லை. தன்னிடம் இருப்பதைக் காட்டத் துடிக்கும் மனிதர். அவருக்குப் பக்கத்தில் முழுக்கைச் சட்டை போட்ட ஒருவர் நின்றிருந்தார். "இவர் திரை ஆய்வாளர். அசல் விளக்கை ஆன்லைன்ல தேடிப் பிடிச்சு எனக்குக் கிடைக்க வச்சவரே இவர்தான். இந்தச் சட்டங்கள் கூட இவர் ஏற்பாடுதான்" என்றார் டாக்டர்.

மஞ்சள் விளக்கு வெளிச்சத்தில், மரப்பெட்டி ஒன்றுக்குள் லாந்தர் ஒய்யாரமாக இருந்தது. லாந்தர்காரியிடம் வாங்கிய நகல், அறையின் மூலையில் குழல்விளக்குக்கு நேர் கீழே கிடந்தது.

தராசம்மா கையை நீட்டியதும் ஆய்வாளர் குறுக்கே வந்தார். "கையுறை போட்டுக்கிட்டுத் தொடுங்க. பொக்கிஷம்."

"கையுறை போட்டா எனக்குக் கண்ணைக் கட்டின மாதிரி" என்றார் தராசம்மா. டாக்டர் சிரித்துத் தலையாட்டவும் ஆய்வாளர் வேண்டாவெறுப்பாக விலகினார்.

முதலில் கை. கதவுக் கீலில் நகத்தை ஓட்டினார். பிறகு மூக்கு. குனிந்து மோந்து பார்த்துவிட்டு, "மண்ணெண்ணெய் வாசனையே இல்லையே. ஷூ பாலிஷ் வாசனைதான் வருது" என்றார்.

"அத்தனை வருஷம் சும்மா கிடந்தது. நான்தான் துடைச்சுக் கொடுத்தேன்" என்றார் ஆய்வாளர்.

கடைசியில் கண். விளக்கின் அடிவயிற்றில் அதே தழும்பு, அதே வளைவு. பிறகு தராசம்மா விளக்கைவிட அது இருந்த மரப்பெட்டியை அதிக நேரம் பார்த்தார். அதன் மூலைகளில் இரண்டு மரத் துண்டுகளும் சாய்வாக வெட்டப்பட்டு, இடைவெளி தெரியாமல் பொருந்தியிருந்தன.

"இந்தப் பெட்டி?"

"ஸ்டுடியோவிலிருந்து விளக்கோட வந்தது. அந்தக் காலத்துப் பெட்டி" என்றார் ஆய்வாளர்.

தெருவுக்கு வந்ததும் அத்தானால் அடக்க முடியவில்லை. "டாக்டர்தான்மா. முகத்தைப் பார்த்தியா? பல்லைக் காட்டிக்கிட்டே இருக்கார்."

"பல் டாக்டர் வேற எதைக் காட்டுவார் அத்தான்? நீங்க ஒரு உதவி பண்ணுங்க. அந்தக் கப்பல் படத்தை முழுசா உட்கார்ந்து பார்த்துட்டு வாங்க."

"நீயும் பாரேன்."

"நான் பார்த்தா நிறுத்தி நிறுத்தித்தான் பார்ப்பேன். உங்களுக்குத்தான் நிறுத்தவே தெரியாது."

அது உண்மை. அத்தான் படம் பார்க்க உட்கார்ந்தால் வாசல் மணி அடித்தாலும் எழுந்திருக்க மாட்டார். மறுநாள் காலை சிவந்த கண்களோடு வந்தார். "கேப்டன் கடைசியில செத்துப் போயிடறார்மா" என்று சொல்லி மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

"துப்பு ஏதாவது?"

"துப்பாவது ஒண்ணாவது. புயல் காட்சி நல்லா ரசிச்சுப் பார்த்துக்கிட்டிருக்கேன், டிவி திரையில ஒரு முடி ஒட்டியிருக்கு. உங்க அக்கா டிவியைத் துடைக்கறதே இல்ல. எழுந்து போய்த் துண்டால துடைச்சா, போக மாட்டேங்குது. அடுத்த காட்சியில தானா போயிடுச்சு. ஆனா உங்க அக்காவுக்கும் எனக்கும் சண்டை வந்தது வந்ததுதான்."

தராசம்மா கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தார். "எந்த இடத்துல? கேப்டன் லாந்தரைத் தூக்கி ஆட்டுவாரே, அங்கயா?"

"அங்கயேதான். திரையோட கீழ் மூலையில. உனக்கு எப்படித் தெரியும்?"

"அத்தான், நீங்க பெரிய ஆளு" என்றார் தராசம்மா. அத்தானுக்கு விஷயம் புரியவில்லை. ஆனால் பாராட்டு என்பது புரிந்ததால் அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தார். தராசம்மா காட்சிக்கூட அதிகாரியைத் தொலைபேசியில் அழைத்து, அவர்களிடம் இருக்கும் பழைய பிலிம் சுருளை ஒரு தடவை ஓட்டிப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை. டாக்டர் வீட்டு வாசலுக்கு எதிரே ஒரு மரத்தடியில் தராசம்மா லாந்தர்காரியை நிறுத்தினார்.

"உள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு காட்டணும். பார்த்தா மனசு கஷ்டப்படும்."

கைப்பேசியில் புயல் காட்சியை ஓடவிட்டார். நிறுத்தவில்லை. கேப்டன் லாந்தரைத் தூக்கி இடமும் வலமும் ஆட்டினார். லாந்தர்காரி முதல் தடவை பார்த்தாள். மறுபடி கேட்டு வாங்கிப் பார்த்தாள். மூன்றாவது தடவை பார்க்கும்போது அவள் முகம் வெளுத்துவிட்டது.

"விளக்கு ஆடுது" என்றாள் மெதுவாக. "தழும்பு ஆடல."

"அது விளக்குல இல்ல. பிலிமை வீடியோவா மாத்தினப்ப மெஷின்ல ஒரு முடி சிக்கியிருக்கு. அந்தக் காட்சி முடிஞ்சதும் யாரோ எடுத்துட்டாங்க. நிறுத்திப் பார்க்கற யாருக்கும் அது தழும்பாத்தான் தெரியும். உங்களை மாதிரி கவனமா வேலை செய்யறவங்க மட்டும்தான் இந்தத் தப்பைச் செய்ய முடியும்."

"முடியா? இத்தனை நாளா ஒரு முடியையா நான் உளி வச்சு செதுக்கினேன்?"

"இப்ப கேளுங்க. உங்க பேரைக் காப்பாத்தற சாட்சி இதுதான். ஆனா இதைச் சொன்னா தழும்பு உங்க தப்புன்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும். வேணாம்னா சொல்லுங்க, நான் வேற வழி பார்க்கறேன்."

லாந்தர்காரி கைப்பேசியைத் திருப்பிக் கொடுத்தாள். பக்கத்தில் அத்தான் வாயைத் திறக்கப் போனார். தராசம்மாவின் பார்வை அவரை அடக்கியது.

"நீங்க சொல்ல வேணாம் மேடம்" என்றாள் கடைசியில். "என் தப்பு. நானே சொல்றேன்."

மாடி அறையில் காட்சிக்கூட அதிகாரி முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். டாக்டர் அவருக்கு விளக்கைக் காட்டிச் சுற்றிச் சுற்றி வந்தார். "பாருங்க மேடம், இந்த மடிப்பைப் பாருங்க! இந்தக் காலத்துல யாருக்கு இந்தக் கை வரும்?" ஆய்வாளர் அடக்கமாகப் புன்னகைத்தார்.

லாந்தர்காரி நேரே போய் விளக்கின் முன்னால் நின்றாள்.

"எல்லாரும் கொண்டாடற இந்தத் தழும்பைக் கண்டுபிடிச்சது நான். அது தப்பு. படத்துல இருக்கறது தழும்பே இல்ல, வீடியோவா மாத்தினப்ப மெஷின்ல சிக்கின முடி. விளக்கு ஆடறப்ப அது ஆடறதில்ல. நான் படத்தை நிறுத்திப் பார்த்தே செஞ்சவ. ஓடவிட்டுப் பார்க்கல. நான் வித்த அத்தனை விளக்குலயும் அந்தத் தப்பு இருக்கு."

அதிகாரிதான் முதலில் தலையசைத்தார். "எங்க சுருள்ல அந்தக் கோடு இல்ல. நேத்து நானே ஓட்டிப் பார்த்தேன். விளக்கோட அடிப்பாகம் வழவழன்னு இருக்கு."

"அப்ப ஒரு சின்னக் கேள்வி டாக்டர்" என்றார் தராசம்மா. "அசல் விளக்குல இல்லாத தழும்பு, உங்க அசல்ல எப்படி வந்தது?"

டாக்டரின் கை காற்றில் நின்றது. ஆய்வாளர் முந்திக்கொண்டார். "படத்துக்கு ரெண்டு விளக்கு செஞ்சிருப்பாங்க. இது ரெண்டாவது. இதுல நிஜமாவே கீறல் விழுந்திருக்கலாம் இல்ல?"

"விழலாம். பல வருஷம் கழிச்சு ஒரு மெஷின்ல சிக்கப் போற முடி எப்படி வளையும்னு முன்கூட்டியே தெரிஞ்சுக்கிட்டு, அதே வளைவுல விழணும். அவ்வளவு கெட்டிக்காரக் கீறலை நான் பார்த்ததில்ல. சரி, அதை விடுங்க. டாக்டர், உங்ககிட்ட ஒரு இடுக்கி இருக்குமா?"

டாக்டர் கீழே ஓடிப் போய்ப் பல் பிடுங்கும் இடுக்கியையே கொண்டு வந்தார். தராசம்மா கதவுக் கீலைக் காட்டினார். டாக்டர் கம்பியின் நுனியைப் பிடித்து, பழகிய கையால் ஒரு திருகு திருகி உருவினார்.

"இது என்னன்னு யாராவது சொல்லுங்க."

அத்தான்தான் முதலில் கத்தினார். "குடைக் கம்பி! பள்ளம் இருக்கே! குடைக் கம்பிதாம்மா!"

"குடைக் கம்பி போட்ட விளக்கு உலகத்துலயே மூணுதான். இவங்க வீட்டுக்காரர் அதுக்காக ஒரு மழைக்காலம் நனைஞ்சிருக்கார். ஒண்ணு இவங்க வீட்டுல இருக்கு. இன்னொண்ணு காட்சிக்கூடத்துல. மூணாவது ஒரு படச்சட்டக் கடைக்குப் போச்சு." தராசம்மா மரப்பெட்டியைக் கையில் எடுத்தார். "அந்தக் காலத்துப் பெட்டின்னு சொன்னீங்க. பெட்டி செய்யற தச்சர் மூலையைப் பல்லுப் பல்லா வெட்டிக் கோப்பார். இப்படிச் சாய்வா வெட்டி ஒட்டறது படத்துக்குச் சட்டம் போடறவர் கைப்பழக்கம். அத்தான், அந்தப் பொன்னிறக் கோட்டைக் கொஞ்சம் பாருங்க."

அத்தான் பெட்டியை வாங்கிச் சுவரில் மாட்டியிருந்த சட்டத்தின் அருகே வைத்தார். ஒரே மரம், ஒரே சாயம். பெட்டியின் விளிம்பில் ஓடிய கோடு சட்டத்தின் கோட்டோடு அண்ணன் தம்பி போலச் சேர்ந்துகொண்டது.

"ஏற்பாடு பண்ணினேன்னு சொன்னீங்களே" என்று டாக்டர் ஆய்வாளரைப் பார்த்தார். "அந்தக் கடையே உங்களோடதா?"

ஆய்வாளர் தான் போட்டுக்கொண்டிருந்த கையுறையை ஒவ்வொரு விரலாகக் கழற்றினார். "கறுப்படிச்சேன். பாலிஷ் போட்டேன். அவ்வளவுதான். மத்ததெல்லாம் நீங்களா நம்பினது" என்றார். டாக்டர் எழுந்து கதவைத் திறந்துவிட்டார். "மிச்சத்தை வக்கீல் பேசுவார்" என்றார். ஆய்வாளர் தலையைக் குனிந்துகொண்டு படியிறங்கிப் போனார்.

டாக்டர் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார். மூலையில் கிடந்த நகலைப் பார்த்தார், மேசைமேல் இருந்ததைப் பார்த்தார். "அப்ப ரெண்டுமே..."

"ஒரே கை வேலைதான்" என்றார் தராசம்மா. "ஒண்ணுல அழுக்கு இருந்தது, மஞ்சள் வெளிச்சம் இருந்தது. இன்னொண்ணு மேல குழல்விளக்கு. நீங்க வேலையைப் பார்க்கல டாக்டர், வெளிச்சத்தைப் பார்த்தீங்க."

"மன்னிச்சுடும்மா" என்று டாக்டர் லாந்தர்காரியைப் பார்த்துச் சொன்னார். அவருக்குக் காது வரை சிவந்திருந்தது. "வேணும்னு எழுதல. இப்பவே அழிச்சுடறேன்." கைப்பேசியை எடுத்தார்.

"அழிக்காதீங்க."

லாந்தர்காரி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். வந்த அன்று பெட்டியைத் தடவிக் கொடுத்ததுபோல மேசைமேல் இருந்த விளக்கைத் தடவிக் கொடுத்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. அத்தான் அதைப் பார்த்துவிட்டுக் காரணமில்லாமல் தானும் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"பொறுமை, கம்பீரம்னு எழுதினீங்க இல்ல, அந்தப் பகுதியை அப்படியே விட்டுடுங்க டாக்டர். தகர டப்பா வரியை மட்டும் எடுங்க. இதைச் செஞ்ச கை இன்னைக்கு உலகத்துல இல்லைனு எழுதியிருக்கீங்களே, அங்க என் பேரைப் போடுங்க."

காட்சிக்கூடத்தில் விளக்கு ஏறிய நாளில் எல்லாரும் போயிருந்தார்கள். அது புதிதாகச் செய்தது. அடிவயிறு வழவழவென்று இருந்தது, தழும்பு இல்லை. கீழே லாந்தர்காரியின் பெயர். புதுச் சட்டையில் வந்த அவள் கணவர் கண்ணாடிப் பெட்டியைச் சுற்றி வந்து, குனிந்து கதவுக் கீலை உற்றுப் பார்த்தார்.

"பித்தளைக் கம்பிதானே?" என்று மனைவியைக் கேட்டார்.

"பித்தளைதான்."

அவர் திருப்தியாக நிமிர்ந்தார். வெளியே தூறல் போட்டுக்கொண்டிருந்தது, அவர் கையில் முழுக் குடை இருந்தது.